லேப்காரர் வீட்டுப் பாதரசம்

லேப்காரர் தன் ஒரே மகளிடம் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் இரண்டு பக்கப் பேச்சும் அவள் காதில் விழுந்தது.

மகள் ஒன்றும் மலையைப் பெயர்த்துத் தரச் சொல்லவில்லை. அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு வெளியூர் டிப்போவில் அவனுக்கு வேலை போட்டிருந்தார்கள். அவளுக்கும் எடுத்த விடுப்பு இரண்டு வாரத்தில் தீர்ந்து, வேலையில் சேர்ந்தாக வேண்டும். குழந்தைக்குப் பத்து மாதம். தவழ ஆரம்பித்து, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கிற பருவம். பின்னறையில் நானும் பிள்ளையும் இருந்துகொள்கிறோம், அம்மாவும் நானும் ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்வோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இப்ப வேணாம்மா," என்றார் அவர்.

"ஏம்ப்பா?"

"வேணாம்னா விடு. அப்புறம் பாக்கலாம்."

மகள் போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் என்கிற கோபம் அப்பாவுக்கு இன்னும் போகவில்லை, கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததெல்லாம் ஊருக்காகத்தான், இனிமேல் அவராக வாய் திறந்து கூப்பிடாமல் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றாள். அம்மாக்காரி என்ன சொல்லித் தேற்றுவாள்? அவளுக்கே மனசு ஆறவில்லை.

அந்த மனுஷன் சுபாவத்தில் அப்படிப்பட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பது வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவியவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் தெருவில் அவருக்கு லேப்காரர் என்றுதான் பெயர். பால் காய்ச்சினால்கூட டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாக ஆள் மாறித்தான் போயிருந்தார். என் இருமல் உன்னைத் தூங்க விடாது என்று சொல்லி அவளை முன்னறைக்கு அனுப்பிவிட்டுப் பின்னறையில் தனியாகப் படுத்தார். அந்த அறையை அவரே பார்த்துக்கொள்வார், அவள் துடைப்பத்தோடு உள்ளே போகக்கூடாது. நல்ல குளிரிலும் ஜன்னல் திறந்தே கிடக்கும். பகலிலேயே டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு தரையில் எதையோ தேடிக்கொண்டிருப்பார். சட்டைப் பொத்தான் போடும்போது விரல் நடுங்கும். வயசானால் மனுஷன் வீட்டுக்குள்ளேயே ஒரு வீடு கட்டிக்கொள்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் வருத்தந்தான். ஆனாலும் ஈரத்துணி மலைபோல் காத்துக் கிடக்கிறவளுக்கு அதையே நினைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு வரும். வார்டுத் துணி ஒரு மூட்டை, ஆபரேஷன் துணி ஒரு மூட்டை, தொற்றுநோயாளி துணி தனி நிறப்பையில். பையைப் பார்க்காமல் கை வைத்தால் வேலை போகும், சில சமயம் உயிரும் போகும். பெரிய டிரம் சுழன்று நின்றதும் ஆவி முகத்தில் அடிக்கும். விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். அவளோடு மடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அணைக்கிற பொத்தான் கிடையாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ரேடியோ தீர்ப்பே சொல்லிவிட்டாள். அறையைச் சுத்தம் பண்ணி, பாயை விரித்து, பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிடு. பேரப்பிள்ளை மீசையைப் பிடித்து இழுத்தால் எந்தக் கோபமும் நிற்காது.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்துச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மெத்தையைச் சுருட்டினாள். கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் ஒரு சின்னத் தகரப்பெட்டி இருந்தது. ஒரு முழம்கூட இருக்காது. வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தண்ணீர் குடித்த விரிப்பை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள் அவள். உட்கார்ந்து, காலை ஊன்றி இழுத்தாள். பெட்டி தரையோடு ஒரு விரற்கடை நகர்ந்தது.

"அதைத் தொடாதே."

வாசலில் அவர் நின்றார். சலூனில் கூட்டமாக இருந்ததால் திரும்பி வந்திருக்கிறார். அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். சத்தம் போட்டவருக்கே தாங்கவில்லை. அப்படியே கதவோரம் குந்திவிட்டார். முதலில் வெளியே வா, செருப்பைக் கழற்றி அங்கேயே விடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றார். கழுவிவிட்டு வந்தாள். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"உள்ள என்ன இருக்கு?"

"பாதரசம்."

"காய்ச்சல் பாக்கற குச்சில இருக்குமே, அதுவா? அது கடுகளவுதானே இருக்கும்."

"இது நாலு கிலோவுக்கு மேல இருக்கு."

பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்தபோது ஆய்வகத்தை மூடினார்கள். சாமான்களை எண்ணிப் பார்க்க ஆய்வாளர் வருவதாக இருந்தது. தலைமை ஆசிரியருக்கு ஒவ்வொன்றுக்கும் காகிதம் எழுதச் சோம்பல். பாதரசம் இரண்டு புட்டி, 'உடைந்து சிந்தி வீணானது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, புட்டியைப் பின்பக்கத்துக் கிணற்றில் போடச் சொன்னார்.

"அந்தக் கிணத்துத் தண்ணியதான் விடுதிப் பிள்ளைங்க குடிச்சுது. எப்படிப் போடுவேன், சொல்லு. பதிவேட்டுல இல்லாத பொருள் ஆயிடுச்சு. இல்லாத பொருளை யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது? சாப்பாட்டுப் பையில வெச்சு எடுத்துட்டு வந்தேன். பஸ் ஸ்டாப்புல பை வாரு அறுந்துபோச்சு. மார்போட அணைச்சுக்கிட்டு நடந்தேன்."

கொண்டுவந்ததை விளிம்பு வரை மணல் நிரப்பிய தகரப்பெட்டியில் வைத்துக் கட்டிலடியில் தள்ளினார். சொன்னால் திருட்டு என்பார்கள், பென்ஷனை நிறுத்துவார்கள், ஜெயிலில் போடுவார்கள். தலைமை ஆசிரியரும் செத்துப்போய்விட்டார், சாட்சிக்கும் ஆள் இல்லை. இப்படியே வருஷம் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியை இழுத்துப் பார்த்தபோது ஒரு புட்டி சாய்ந்து மூடி நெகிழ்ந்தது. துருப்பிடித்த மூலை வழியாகக் கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது. அட்டையால் சேர்த்துச் சேர்த்து எடுத்தார். ஆனால் சுவருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்குக்குள் சில மணிகள் ஓடிவிட்டன.

"டார்ச் அடிச்சா இன்னமும் மினுக்குது. அதிலேந்து ஆவி வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதான் உன்னை முன்னறைக்குப் போகச் சொன்னேன். அந்தப் பிள்ளை இங்கதானே தவழும். தரையில கிடக்கறதை எடுத்து வாயில வெக்கும். என் பொண்ணை வரச் சொல்ல எனக்கு ஆசை இல்லாமலா?"

அவளுக்குக் கோபம் எந்தப் பக்கமிருந்து வருவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"பதினாலு வருஷமா கட்டிலுக்கு அடியில சக்களத்தியை வெச்சுக்கிட்டு என்னோட குடும்பம் நடத்தியிருக்கீங்க," என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தவள் அழுதாள். அவர் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் அப்போதுதான் நிஜமாகப் பார்த்தாள்.

அவளுக்குப் பாதரசத்தோடு ஒரு முன்பழக்கம் உண்டு. ஒரு தடவை வார்டில் ரத்த அழுத்தக் கருவி விழுந்து உடைந்து, வெள்ளி மணியாகச் சிதறியது. துணி எடுக்கப் போயிருந்த அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். தலைமை நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பெருக்கினால் ஒன்று நூறாகும், நூறும் ஆவியாகும் என்று சொல்லி, வார்டையே காலி பண்ணிக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு அதை அள்ளி எடுத்தவர், ஆஸ்பத்திரிக் கழிவுகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர். எந்நேரமும் கையில் மஞ்சள் பையோடு அலைவதால் அவரை எல்லோரும் மஞ்சப்பை சார் என்பார்கள். யாரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே புருஷனுடைய பாய் தலையணையைக்கூட எடுக்காமல் பின்னறை ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, கதவடி இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தாள். அவர் முன்னறைக்கு வந்தார்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் மஞ்சப்பை சாரைப் பிடித்தாள். தன் வீடு என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தர் என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடம், புட்டி, இடுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை முதல்ல அந்த அறையிலேந்து வெளிய வரச் சொல்லுங்கம்மா."

"நேத்தே முன்னறைக்கு வந்துட்டாரு சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பக்கத்து வீட்டம்மாவுக்கு விவரம் இருக்கு என்றார். பிறகு விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். பெருக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். குப்பைத்தொட்டியிலோ சாக்கடையிலோ ஒரு சொட்டு விழக்கூடாது. சிந்தாமல் மூடியோடு இருந்தால் அவர்களே இன்னொரு டப்பாவுக்குள் நிமிர்த்தி வைத்து, மாதத்தில் முதல் சனிக்கிழமை நகராட்சிக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வீட்டில் கிடக்கிற பழைய பேட்டரி, பெயின்ட், எலிமருந்து எல்லாமே அங்கே வாங்குகிறார்கள். ஆனால் இது சிந்தியிருக்கிறது, அளவும் பெரிசு. அதனால் கிடங்கிலிருந்து ஆட்கள்தான் வர வேண்டும்.

"போலீஸ் வருமா சார்?"

"சட்டம் கொட்டறவனைத்தான் தேடுதும்மா. கொண்டுவந்து குடுக்கறவனை இல்ல." காகிதத்தில் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். "பக்கத்து வீட்டுக்காரரோட கையை இங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. சீக்கிரம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் லேப்காரர் ஒப்பவில்லை. நம்பரில் பேசினால் பெயர் கேட்பார்கள், பெயர் சொன்னால் எங்கிருந்து வந்தது என்பார்கள் என்றார். செத்தவர் பெயரைக் கெடுக்க வேண்டுமா என்றார். அவள் வாதாடவில்லை. சுவரில் மாட்டியிருந்த பேரப்பிள்ளை படத்தைக் காட்டி, "பேரும் புகழும் நமக்கு அப்புறம். இது எப்ப நம்ம வீட்டுக்கு வரும், அதைச் சொல்லுங்க," என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டார். எழுந்து நின்றுதான் பேசினார், ஆய்வாளர் முன்னால் நிற்பதுபோல. எதிர்முனையில் ஒரு பெண், என்ன பொருள், எவ்வளவு, எதில் இருக்கிறது, எங்கே சிந்தியது, வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ உண்டா என்று கேட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம் என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே அவர் குளித்துவிட்டார். அவள் அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் ஒரு துணிப்பை. என்ன என்று எட்டிப் பார்த்தாள். இரண்டு வேட்டி, துண்டு, பல்பொடி, மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை. முட்டையை உரித்துத் தட்டில் வைத்தாள். அவர் சாப்பிடவில்லை.

வெள்ளை வேன் சரியான நேரத்துக்கு வந்தது. மூன்று பேர். தலைமையாக வந்த அதிகாரியம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். உள்ளே வந்ததும் அவரையும் பையையும் பார்த்தாள்.

"ஊருக்குக் கிளம்பிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. நீங்க எங்க கூட்டிட்டுப் போறீங்களோ அங்க," என்றார் லேப்காரர்.

அந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவும் இல்லை. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், நாங்க பெட்டியைத்தான் கூட்டிட்டுப் போவோம். உங்களைக் கூட்டிட்டுப் போனா வெச்சுக்க எங்ககிட்ட இடமில்ல. போய்ச் சாப்பிடுங்க," என்றாள்.

அவர் எழுந்து போய் நின்றபடியே அந்த முட்டையைத் தின்றார். கதவருகில் நின்ற மனைவி டம்ளரில் தண்ணீர் எடுத்து நீட்டினாள்.

வேலை மூன்று மணி நேரம் பிடித்தது. கையில் பெட்டி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு அறையின் ஒவ்வொரு மூலையிலும் காற்றை அளந்தார்கள். நடுவில் குறைவாகக் காட்டிய எண், கட்டிலடி மூலைக்குப் போனதும் விறுவிறுவென்று ஏறியது. தகரப்பெட்டியை அப்படியே ஒரு பெரிய டிரம்முக்குள் இறக்கி மூடினார்கள். இடுக்கில் மஞ்சள் நிறக் கந்தகப் பொடியைத் தூவி, காத்திருந்து, சுரண்டி எடுத்தார்கள். அந்த மூலையில் சாண் அகலத்துக்குச் சிமென்ட்டையே கொத்தி அள்ளினார்கள். மெத்தை, பாய், தலையணை, அவருடைய பழைய செருப்பு எல்லாம் தடிமனான பைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. பையின் வாயைத் திருகி, மடக்கி, கட்டி, சீட்டு ஒட்டுவதை அவள் தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். சுத்தமான வேலை. குறை சொல்ல இடமில்லை.

படிவத்தில் 'எங்கிருந்து கிடைத்தது' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். கிணறு, விடுதி, பதிவேடு, பை வார் அறுந்தது வரைக்கும். அதிகாரியம்மா கேட்டுவிட்டு, 'பழைய பள்ளி ஆய்வகம்' என்று மூன்றே சொல்லில் எழுதினாள்.

"தலைமை ஆசிரியர் பேரு எழுதலையாம்மா?"

"பேருக்கு இதுல கட்டமே இல்ல சார். அந்தப் பழைய கட்டடத்தை நாங்க ஒரு தடவை அளந்து பாத்துடறோம், அதுக்காக எழுதறது. நீங்க அன்னைக்கு அதைக் கிணத்துல போட்டிருந்தா, நாங்க இன்னைக்கு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்க முடியாது." பேனாவை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வேனைப் பார்த்துவிட்டுத் தெருவே திரண்டிருந்தது. என்ன ஏது என்று விசாரித்ததும் ஆளாளுக்கு உள்ளே போய்ச் சாமானோடு வந்தார்கள். ஒருத்தர் கார் பேட்டரி, ஒருத்தி ஒரு கட்டு ட்யூப் லைட், எதிர்வீட்டுப் பெயின்டர் காய்ந்துபோன பெயின்ட் டப்பா. இதையெல்லாம் இன்றைக்கு ஏற்ற முடியாது, சனிக்கிழமை கிடங்குக்குக் கொண்டுவாருங்கள் என்று அதிகாரியம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். எந்தெந்தச் சாமானை எப்படி மூடிக் கொண்டுவர வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. லேப்காரர் ஒரு தாளை வாங்கிப் படித்துவிட்டு, ட்யூப் லைட் உடையாமல் செய்தித்தாள் சுற்றுங்கள் என்று அதைக் கொண்டுவந்தவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் தெருவில் நின்று பேசினார்.

மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். அளவு கூடுதல்தான், ஆனால் பயப்படும்படி இல்லை, அந்த அறையை விட்டு வந்துவிட்டால் உடம்பு மெல்ல மெல்லத் தானே வெளியே தள்ளிவிடும், நடுக்கமும் குறையும், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் சலவைக்கூட வாசலில் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். அறையைச் சுத்தம் பண்ணிப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னவள், விஷயம் கேட்டதும் தானாகவே அணைந்துபோனாள். அதுவும் அன்றைக்கு நடந்தது.

ஜன்னல் கதவு எல்லாம் திறந்துபோட்டு, மின்விசிறி வைத்து, மூன்று நாள் காற்றோட்டம் விட்டார்கள். கொத்திய மூலையைப் புதுச் சிமென்ட் பூசி மெழுகினார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா கருவியோடு மறுபடி வந்தாள். ஜன்னலை மூடிவைத்து, இடுப்பு உயரத்தில் கருவியைப் பிடித்தாள். லேப்காரர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒரு அடி உயரத்துல அளக்க முடியுமா? தவழற பிள்ளைக்கு மூக்கு அவ்வளவு உயரத்துலதான் இருக்கும்."

அதிகாரியம்மா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பூட்ஸ் காலை மடக்கி மண்டியிட்டு, அறை முழுக்க ஓரடி உயரத்தில், மூலை மூலையாக, குழந்தை போகிற வேகத்தில் நகர்ந்தாள். எண் ஏறவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து சான்றிதழ் எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தாள்.

வேன் போனதும் மனைவி போனை எடுத்தாள். அவர் கையை நீட்டினார். நானே பேசுகிறேன் என்றார். மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் மகள் எடுத்தாள். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு காகிதம் படிக்கிறேன், கேளு என்று ஆரம்பித்துவிட்டார்.

"மேற்படி வீட்டின் பின்னறையில் முன்பு சிந்தியிருந்த பாதரசம் முறைப்படி அகற்றப்பட்டது. கதவு, ஜன்னல்கள் மூடிய நிலையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பன்னிரண்டு இடங்களில் காற்று அளவிடப்பட்டது."

"அப்பா, என்னப்பா இது? பாதரசமா? நம்ம வீட்லயா?"

"இரு, முடிக்கல. பாதரச ஆவியின் அளவு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிகக் கீழே உள்ளது. குழந்தைகள் உட்பட அனைவரும் அறையைப் பயன்படுத்தலாம்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி அருகே வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்காகத்தான் வர வேணாம்னீங்களா?" என்றாள் மகள். "சொல்றதுக்கு என்னப்பா?"

அவர் காகிதத்தைத் திருப்பினார்.

"பின்பக்கம் இன்னும் ஒரு பாரா இருக்கும்மா."

"படிங்கப்பா," என்றாள் மகள். "துணி மடிச்சுக்கிட்டே கேக்கறேன். காலைல முதல் பஸ்ல வரணும்."

அவர் படித்தார். முத்திரை எண், தேதி, அலுவலக நேரம் உட்பட ஒன்று விடாமல் படித்தார்.